மல்லிகைக்கு மனித எரு: எப்போது போடலாம், எப்போது கூடாது

மனித மலம் மக்கினால் எருவாகும். அந்த எருவைப் பூச்செடிக்குப் போடலாம். இதில் சந்தேகமே வேண்டாம். சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு: அது உண்மையிலேயே மக்கிவிட்டதா? அதை யார் கையால் எடுக்கப் போகிறோம்?

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2014-இல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியபோது கிராமங்களுக்கு அரசு முதன்மையாகப் பரிந்துரைத்தது இரட்டைக் குழிக் கழிப்பறை. குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சிறு தொட்டி இருக்கும். ஒரு குழி நிறைந்ததும் அந்தத் தொட்டியில் ஒரு வழியை அடைத்து மறுவழியைத் திறந்துவிட்டால், மலம் இரண்டாவது குழிக்குப் போகும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிறைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். அப்படியானால் பல வீடுகளில் முதல் குழி நிறைந்து, மூடிக் கிடந்து, திறக்கும் பருவத்துக்கு வந்திருக்கும். உள்ளே இருப்பதை என்ன செய்வது என்று பல வீட்டாருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் உள்ள கங்கதேவிபள்ளி என்ற கிராமத்தில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் அப்படிப்பட்ட ஒரு குழிக்குள் தாமே இறங்கி எருவை அள்ளி வெளியே எடுத்தார். மற்ற அதிகாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்தது காப்பித்தூள் நிறத்தில், நாற்றமில்லாத, உதிரியான பொருள். குழி மூடிப் போதிய காலம் ஆகியிருந்ததால்தான் அது அப்படி இருந்தது. அந்தக் காலம் எவ்வளவு என்பதில்தான் இந்த விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது.

முதலில், பூச்செடிக்கு ஏன்? வழக்கமாகச் சொல்லும் பதில்: பூவை யாரும் தின்பதில்லை, அதனால் நோய் வயிற்றுக்குள் போகாது. இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. கீரைக்கும் வெங்காயத்துக்கும் முள்ளங்கிக்கும் அரைகுறையாக மக்கிய எருவைப் போட்டால் புழு முட்டை நேராகத் தட்டுக்கு வரும். மல்லிகைக்குப் போட்டால் அப்படி வராது. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த உப்புகளைத்தான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மாட்டுச் சாணத்திலிருந்து வந்தாலும் யூரியா மூட்டையிலிருந்து வந்தாலும் மனித எருவிலிருந்து வந்தாலும் செடிக்கு ஒன்றே. புழு முட்டை வேர் வழியாக ஏறி மொட்டுக்குள் உட்காருவதில்லை. ஆகவே சாமிக்குச் சூட்டலாமா, தலையில் வைக்கலாமா என்று தயங்குகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை.

மறுபாதி உண்மை நிலத்தில் இருக்கிறது. பூந்தோட்டத்தைப் போல மனிதக் கையும் காலும் தினமும் புழங்கும் வயல் வேறு இல்லை. நெல்வயலில் நட்டு, களை எடுத்து, அறுக்கிறோம். மல்லிகையில் பருவம் முழுவதும் விடியுமுன் போய் மொட்டு எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செருப்பில்லாமல் ஈரமண்ணில் நிற்கிறார்கள். கொக்கிப்புழு நுழையும் வழி அதுதான். மலத்தில் வரும் அதன் முட்டை மண்ணில் பொரித்து, இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தசோகை ஏற்கெனவே மிகுதியாக உள்ள நம் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பூவைத் தின்பதில்லை என்ற சமாதானம் பூச்சூடுகிறவருக்குப் பொருந்தும், பூப்பறிக்கிறவருக்குப் பொருந்தாது. எனவே தின்னாத செடிதானே என்று மக்கும் காலத்தில் ஒரு மாதத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.

தின்னும் பூக்களும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குல்கந்துக்குப் போகும் பன்னீர் ரோஜா, பச்சையாகவே மெல்லும் செம்பருத்தி ஆகியவற்றைக் காய்கறியின் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இந்த எருவில் இருப்பது என்ன? ஸ்டாக்ஹோம் சூழலியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தியாவில் ஒருவர் ஓராண்டில் வெளியேற்றும் சத்துகளைக் கணக்கிட்டது. தழைச்சத்து 2.7 கிலோ, பாஸ்பரஸ் 0.4 கிலோ, பொட்டாசியம் 1.5 கிலோ. இதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. மலத்தில் மிஞ்சுவது சுமார் 0.3 கிலோ தழைச்சத்து, 0.1 கிலோ பாஸ்பரஸ், 0.4 கிலோ பொட்டாசியம்.

இதைக் குண்டுமல்லிக்குப் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஒரு செடிக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்தும், 120 கிராம் மணிச்சத்தும், 120 கிராம் சாம்பல் சத்தும், அவற்றோடு 10 கிலோ தொழு உரமும் வேண்டும். தழைச்சத்தைப் போல மற்ற இரண்டும் இரண்டு மடங்கு. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகத் தள்ளும், மொட்டு குறையும் என்பது மல்லிகைக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. ஐந்து பேர் குடும்பத்தின் ஓராண்டு மலத்தில் உள்ள பாஸ்பரஸை உரக்கடைக் கணக்கில் மணிச்சத்தாக மாற்றினால் 1.15 கிலோ அளவுக்கு வரும். அது ஒன்பது பத்துச் செடிகளுக்குப் போதும். சாம்பல் சத்து இருபது செடிகள் வரை தாங்கும். தழைச்சத்து கணக்குக்கு இருபத்தைந்து செடிகளுக்கு வரும் என்றாலும், மக்கும்போது அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

ஒன்றே கால் மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 2,500 செடிகளுக்கு மேல் நிற்கும். ஆக, ஒரு வீட்டின் எரு ஓர் ஏக்கருக்கு உரமாகாது. உரமூட்டைச் செலவே இல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டைச் சுற்றி நிற்கும் பத்துப் பன்னிரண்டு செடிகளுக்கு அது நல்ல எரு. மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். என் கருத்தில், வீட்டுத் தோட்டம்தான் அதற்கு உரிய இடம். வீட்டில் விளைந்த எருவை வீட்டாரே எடுத்து வீட்டுச் செடிக்கே போடும்போது அளவும் பொறுப்பும் தாமாகவே பொருந்திவிடுகின்றன.

இனி ஆபத்தின் பக்கம். மலத்தில் கிருமிகள் பலவகை. பாக்டீரியாக்களும் வைரஸ்களும் உடலுக்கு வெளியே பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ செத்துவிடும். பிடிவாதக்காரன் உருண்டைப்புழுவின் முட்டைதான். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள் வரை இடும். தடித்த ஓட்டோடு அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் வல்லுநர்கள் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். உருண்டைப்புழு முட்டை செத்தால் மற்றவையும் செத்தன என்று கொள்ளலாம்.

அதைக் கொல்ல இரண்டு வழிகள் உண்டு, சூடும் காலமும். உலக வங்கிக்காக ரிச்சர்டு ஃபீச்செம் குழுவினர் 1983-இல் வெளியிட்ட நூல் இந்த இரண்டையும் இணைத்துக் கணக்குத் தந்தது. மக்கும் குவியல் முழுவதும் 62 டிகிரி சூடு ஒரு மணி நேரம் இருந்தால் போதும். 50 டிகிரி என்றால் ஒரு நாள், 46 டிகிரி என்றால் ஒரு வாரம், 43 டிகிரி என்றால் ஒரு மாதம். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் எச்சரிக்கையானது. குவியலாக மக்கவைத்தால் 50 டிகிரிக்கு மேல் குறைந்தது ஒரு வாரம் என்றும், சூடேறாமல் மூடிவைப்பதானால் 20 முதல் 35 டிகிரி வரை உள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேல் என்றும் சொல்கிறது. நம் ஊர் வெப்பம் இந்த இரண்டாவது கணக்குக்குள் வருகிறது.

குவியல் தானாகச் சூடேறாது. சூட்டை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு முப்பது பங்கு அளவில் கரிமம் வேண்டும். மலத்தில் கரிமம் குறைவு. எனவே ஒவ்வொரு முறையும் அதன்மேல் சருகு, மரத்தூள், கரும்புச் சக்கை, தென்னை நார்க்கழிவு என்று ஏதாவது ஒன்றைத் தாராளமாகப் போட்டு மூட வேண்டும். உமி சீக்கிரம் மக்காது, அதை மட்டும் நம்ப வேண்டாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வருமளவுக்கு ஈரம் போதும் என்று குப்பை எருவுக்குச் சொல்லும் சோதனையை இங்கே கையுறை போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஜோசப் ஜென்கின்ஸ் வீட்டு அளவில் இந்த முறையைப் பல ஆண்டுகள் செய்துபார்த்து 1990-களில் ஒரு கைநூல் எழுதினார். சூடேறி அடங்கிய குவியலைத் தொடாமல் மேலும் ஓராண்டு விடச் சொல்கிறார் அவர். அது சரியான யோசனை. குவியலின் நடு கொதித்தாலும் ஓரம் கொதிக்காது. நடுவில் தப்பாதது ஓரத்தில் தப்பும். அந்த ஓராண்டு ஓரத்துக்காக.

சாம்பல் போடும் முறை வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தை ஏற்றி, ஈரத்தை உறிஞ்சி, கிருமியைக் கொல்லும். ஆனால் அதே காரம் மக்கவைக்கும் நுண்ணுயிரையும் முடக்கிவிடும். ஆகவே சாம்பல் போட்ட இடத்தில் நடப்பது மக்குவதைவிட உலர்வதுதான். எந்த வழியைத் தேர்ந்தாலும் அதிலேயே நிற்க வேண்டும். பாதி நாள் சாம்பல், பாதி நாள் சருகு என்று போட்டால் சூடும் ஏறாது, காரமும் போதாது.

சாம்பல் முறைக்கு நம் பக்கத்திலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. வியட்நாமில் 1950-களில் பரவிய இரட்டை அறைக் கழிப்பறையில் மலம் ஒரு துளையிலும் சிறுநீர் வேறு வழியிலும் போகும். ஆனால் அங்கே தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் இல்லை. அந்த அமைப்பு அப்படியே நமக்குச் சரிப்படாது. 1990-களில் திருவனந்தபுரம் கடற்கரைக் கிராமங்களில் பால் கால்வர்ட் என்பவர் கால் கழுவும் தண்ணீருக்குத் தனி வழி விட்டுக் கட்டிக்காட்டினார். பிறகு திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் இதை வீடுகளுக்கும் பொதுக் கழிப்பறைக்கும் கொண்டுவந்தது. முசிறி காவிரிக் கரையில் உள்ள ஊர். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே குழி தோண்டினால் மலம் நேரே கிணற்றுக்குப் போகும். தரைக்கு மேலே கட்டிய அறைதான் அந்த ஊருக்குப் பொருத்தம். பொதுக் கழிப்பறைக்கு வந்து சிறுநீர் கழித்தவர்களுக்குச் சில காசுகள் கையில் கொடுத்த செய்தி அப்போது வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது. காசு கொடுத்து நுழைந்து பழகிய இடத்தில் காசு வாங்கிக்கொண்டு வெளியே வருவது மக்களிடம் ஒன்றைப் புரியவைத்தது: இதற்கு விலை உண்டு. இந்த வகைக் கழிப்பறையில் கழுவும் நீரைக் கல்வாழை நட்ட பாத்திக்கு விடுவார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அந்தப் பாத்தியே அந்த வீட்டின் முதல் பூந்தோட்டம்.

எது எரு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து லாரி உறிஞ்சி எடுப்பது எரு அல்ல. நேற்றுக் கழித்ததும் ஐந்து ஆண்டுக்கு முன் கழித்ததும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். அதை வயலில் கொட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளும் விவசாயிகள் பெங்களூரைச் சுற்றியும் இருக்கிறார்கள், நம் பக்கமும் இருக்கிறார்கள். விளைச்சல் கூடுவது உண்மை. புழுவும் கூடவே வருகிறது. முறையான வழி என்றால், பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015-இல் தொடங்கிய கசடுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் போலச் செய்ய வேண்டும். அங்கே கசடை உலர்த்தி, ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து மக்கவைக்கும் முயற்சி நடந்தது.

பெருநகரச் சாக்கடைக் கசடு இன்னொரு வகை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் அதை உலர்த்தி மிலோர்கனைட் என்ற பெயரில் புல்வெளிக்கும் பூச்செடிக்கும் விற்கிறது. ஆனால் நகரச் சாக்கடையில் வீட்டுக் கழிவு மட்டுமா வருகிறது? தொழிற்சாலையின் உலோகமும், எளிதில் அழியாத ரசாயனங்களும் சேர்ந்து வருகின்றன. அத்தகைய ரசாயனங்கள் விவசாய நிலத்தில் சேர்ந்ததால் அந்நாட்டின் மெய்ன் மாநிலம் 2022-இல் சாக்கடைக் கசடை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது. இந்த விஷயத்தில் ஒரு வீட்டின் குழி ஒரு நகரத்தின் சாக்கடையைவிடப் பல மடங்கு சுத்தம்.

அடுத்தது, யார் கையால் என்ற கேள்வி. இதைத் தாண்டிப்போக முடியாது. 1939 வாக்கில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா, நகரக் குப்பையையும் மலத்தையும் அகழியில் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கும் முறையை வகுத்தார். பெங்களூர் முறை என்று பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. நல்ல அறிவியல்தான். ஆனால் அந்த அகழிக்கு மலம் வந்து சேர்ந்தது எப்படி? எடுப்புக் கக்கூஸிலிருந்து, குறிப்பிட்ட சில சாதி மக்களின் தலையில் ஏறி வந்தது. இந்தியாவில் மனித எருவின் வரலாறு அந்தக் கொடுமையின் மேல்தான் நின்றது. எருவின் பெருமையைப் பேசுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் அதைவிட வலுவான இன்னொரு சட்டமும் கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்தன. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் கையால் மலம் அள்ளுபவர் என்று சொல்கிறது என்று பாருங்கள். மலம் முழுமையாக மக்குவதற்கு முன்பு அதைக் கையாளவைக்கப்பட்டவர் என்பது அந்த வரையறையின் ஒரு பகுதி. மருத்துவம் எந்த இடத்தில் கோடு போடுகிறதோ, சட்டமும் அதே இடத்தில் போடுகிறது. மக்கியது எரு. மக்காதது மலம், அதை அள்ளச் சொல்வது குற்றம். மக்கிய பிறகும்கூட, அதற்கென்று ஒரு சாதியாரைத் தேடிப் போய்க் கூலிக்கு அழைத்துவருவதைவிட அந்த எரு குழியிலேயே கிடக்கலாம். கங்கதேவிபள்ளியில் ஓர் உயரதிகாரி தாமே இறங்கியதன் பொருளும் இதுதான்: வீட்டுக்காரர் தாமே எடுக்கக்கூடிய பொருள் அது, எடுக்க வேண்டியவரும் அவரே.

இனி செய்முறை. இரட்டைக் குழியாக இருந்தால், மூடிய நாளிலிருந்து குறைந்தது ஒன்றரை ஆண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டுகள் விடுங்கள். மழைக்காலத்தில் அந்தக் குழிக்குள் நீர் ஊறி நின்றிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கோடை கழிந்து நன்றாக வற்றிய பிறகும் காத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் மூடியைத் திறந்து, வெகுநேரம் காற்றாட விட்டு, வெளியே நின்றபடி நீண்ட மண்வெட்டியால் எடுங்கள். உள்ளே ஈரமாகக் குழைந்தோ நாற்றமாகவோ இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள். கருத்து, உதிர்ந்து, மண்வாசனை வந்தால் எடுக்கலாம். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பக் கூடாது. புழு முட்டை கண்ணுக்குத் தெரியாது. எருவின் நிறம் சீக்கிரமே மாறிவிடும், முட்டை அவ்வளவு சீக்கிரம் சாகாது. நாள் கணக்குதான் முதல் சாட்சி, நிறமும் வாசனையும் அதற்குப் பிறகுதான். கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வெயில் காலத்தில் எடுத்த எருவை மல்லிகைக்கு இட ஏற்ற நேரம் நவம்பர் கடைசியில் கவாத்து முடிந்தவுடன். அப்போது மொட்டும் இல்லை, பறிக்க ஆளும் வரமாட்டார்கள். செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகக் குழி பறித்து, எருவைப் போட்டு, மேலே மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். மேலே தூவி விடக் கூடாது. மழைத்துளி தெறித்துத் தாழ்ந்த கிளையில் ஒட்டும், வாய்க்கால் வழியே ஓடிக் கிணற்றுக்கும் போகும். கனகாம்பரம், செவ்வந்தி, சம்பங்கி போன்றவை தாழ்ந்து வளர்பவை. அவற்றுக்கு நடுவதற்கு முன் அடியுரமாகக் கலந்துவிடுவதே சரி, வளர்ந்த பிறகு இட வேண்டாம். எரு இட்டதற்கும் முதல் பறிப்புக்கும் இடையே குறைந்தது ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கவாத்துக்குப் பின் இட்டால் அந்த இடைவெளி இயல்பாகவே கிடைத்துவிடும். தொட்டிச் செடிக்கு என்றால் ஒரு பங்கு எருவுக்கு மூன்று நான்கு பங்கு மண் கலக்கலாம்.

வீட்டில் எல்லோரும் மருத்துவர் சொல்லும் முறைப்படி குடற்புழு மாத்திரை எடுத்துக்கொண்டால் குழிக்குள் போகும் முட்டையே குறைந்துவிடும். இதை எருவின் முதல் படி என்றே கொள்ளலாம். குழந்தைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தருகிறார்கள். பெரியவர்கள்தான் மறந்துவிடுகிறோம்.

ஒரு வேலையை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். முதல் குழியை அடைத்து இரண்டாவதுக்கு மாற்றும்போது, அந்தத் தேதியை மாதம், ஆண்டோடு மூடியின் மேல் பெயிண்டால் பெரிதாக எழுதிவையுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் வீட்டில் கேட்டு நினைவுபடுத்தி எழுதுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால் இன்றைய தேதியையே எழுதி, இன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.